லிந்துலையில் இல்லாத இருபத்தேழு டிகிரி

1. கருகல் வாடை

"மிஸ், தூள் மறுபடியும் கருகிருச்சி. பெரிய தொர உங்களத்தான் கேக்குறாரு."

லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் டீ மேக்கர் ஐயா இப்படிப் போன் எடுத்தது அது மூன்றாவது தடவை. தேயிலைத் தொழிற்சாலைக்குள் நடக்கிற எல்லாவற்றுக்கும் பொறுப்பானவரை டீ மேக்கர் என்போம். தொழிற்சாலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் ஸ்டோர், தோட்டத்து மேனேஜருக்குப் பெரிய துரை. அந்த ஸ்டோரில் தூளைச் சூடான காற்றில் காயவைக்கிற ட்ரையருக்கு வெப்பநிலை மீட்டர் வடிவமைத்துப் பூட்டியவள் நான். ஆகவே தூள் கருகினால் முதலில் ட்ரையர்காரருக்கு ஏச்சு விழும், அடுத்ததாக எனக்குப் போன் வரும்.

நான் ஹட்டனில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். முப்பத்திரண்டு வருடமாக ஸ்டோர்களின் தராசு, மீட்டர், பேனல் போர்ட் எல்லாவற்றையும் பழுது பார்த்து வருகிறேன். தோட்டங்களில் எனக்கு 'மீட்டர் மிஸ்' என்றுதான் பெயர். அம்மா அப்பா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்துக் கிடக்கிறது. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஸ்டோருக்கு எத்தனை படி என்று மேலே பார்த்துப் பெருமூச்சு விடுகிற வயது. டெக்னிக்கல் காலேஜ் முடித்துவிட்டு லேப்டாப்போடு இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். பெருமைப்பட்டுக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை.

அன்றும் போனேன். எப்போதும் போல முதல்நாளே போன் பண்ணி, இத்தனை மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். போனதும் ஆபீசில் உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார்கள். மலையேறி வந்த பொம்பளைக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் எந்த ஸ்டோரிலும் வேலையைத் தொடவிட மாட்டார்கள். அரை மணி நேரம் கழித்து ட்ரையர் பக்கம் போனேன். கூட்டிப் பெருக்கித் துப்புரவாக இருந்தது. மீட்டர் இருநூறு பாரன்ஹீட் காட்டியது. ஸ்டோர்களில் இன்றும் பாரன்ஹீட் கணக்குதான். என் கையோடு கொண்டுபோகிற தெர்மோமீட்டரைச் சோதனைத் துளைக்குள் விட்டுப் பார்த்தேன். இருநூற்றொன்று.

"மீட்டர் சரியாத்தான் இருக்குங்க ஐயா" என்றேன்.

டீ மேக்கர் ஐயா திரும்பி ட்ரையர்காரரைப் பார்த்தார். "கேட்டியா செபமாலை? மீட்டர் சரியா இருக்காம். அப்ப தூள் எப்பிடிக் கருகும்? நீ தட்டை ஓட விட்டுட்டுத் தூங்கியிருக்க."

செபமாலை அண்ணன் என் வயதுக்காரர். அந்த ட்ரையர் வாசலில் முப்பது வருடம் நின்றவர். "தூங்கலிங்க ஐயா. வாசம் மாறுதுன்னு நான் அன்னைக்கே சொன்னேனுங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

"வாசம், வாசம். மீட்டரைப் பாருடா."

அதே வார்த்தையை செபமாலை அண்ணனுக்கு முதன்முதலில் சொன்னது நான். மீட்டர் பூட்டிய நாளில், பழைய கண்ணாடித் தெர்மோமீட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன்: "இனிமே மூக்கை நம்பாதீங்கண்ணே, மீட்டரை நம்புங்க." அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். நான் சொன்னதற்காக அப்படியே நம்பினார். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்று டீ மேக்கர் ஐயா கடைசியாகச் சொன்னது இது: "இன்னொரு தடவ கருகிச்சின்னா ஸ்டோர்ல உனக்கு எடம் இல்ல. மலைக்கு அனுப்பிருன்னு தொர சொல்லிட்டாரு."

மலைக்கு அனுப்புவது என்றால் கொழுந்துக் காட்டுக்கு, மழையில் புல்லு வெட்ட, கவ்வாத்து வெட்ட அனுப்புவது. முப்பது வருடம் சூட்டில் நின்ற உடம்பு. நெஞ்சில் ஏற்கெனவே தூசு அடைத்து இழுப்பு இருக்கிறது. அவர் முகம் சுருங்கிப் போனதைப் பார்த்தேன். ஆனாலும் மீட்டர் சரி என்று சர்வீஸ் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் இறங்கினேன்.

2. ஐந்து டையோடு

மீட்டர் வேலை செய்கிற விதம் சிக்கலானதல்ல. ட்ரையருக்குள் போகிற சூடான காற்றில் ஒரு சென்சர் இருக்கும். சூடு ஏற ஏற அதிலிருந்து வருகிற சிக்னலின் வோல்ட் ஏறும். சர்க்யூட் அந்த வோல்ட்டை டிகிரியாக்கிக் காட்டும். இருநூறுக்குக் குறைந்தால் விறகு அடுப்புக்குக் காற்றடிக்கிற ஃபேனை ஓடவிடும், இருநூறு வந்ததும் நிறுத்தும். முன்பு இதையெல்லாம் செபமாலை அண்ணன் கையால் செய்தார். அடுப்புக் கதவைத் திறப்பார், மூடுவார், முகர்ந்து பார்ப்பார்.

தொல்லை கொடுத்தது இடி. சித்திரையிலும் ஐப்பசியிலும் எங்கள் பக்கத்தில் பின்னேரமானால் இடி இறங்கும். சென்சர் வயர் நீளம். இடி விழுந்தால் அந்த வயர் வழியாகப் பெரிய வோல்ட் ஒன்று உள்ளே வந்து போர்டை எரித்துவிடும். இடிக்கு இடி ஒரு போர்டு மாற்றினோம். ஒவ்வொரு தடவையும் பஸ்ஸேறி, படியேறி, எரிந்த போர்டைக் கழற்றி, கருகிய வாடையை முகர்ந்து எனக்கு அலுத்துவிட்டது. முதலாளியும் சலித்துக்கொண்டார்.

அதனால் ஒரு டையோடு லிமிட்டர் போடுவதென்று முடிவு செய்தேன். டையோடு ஒருவழிக் கதவு. அரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே தள்ளினால்தான் திறக்கும். ஐந்தை வரிசையாகக் கோத்து, சிக்னல் வயரிலிருந்து எர்த்துக்குக் கட்டிவிட்டால், மூன்று வோல்ட் அளவில் ஐந்தும் திறந்து மிச்சத்தைத் தரைக்கு அனுப்பிவிடும். அதற்குக் குறைந்த வோல்ட்டில் அவை இருப்பதே தெரியக்கூடாது. நமக்கு வேண்டிய சிக்னல் இரண்டு வோல்ட் சொச்சம்தான். கணக்குப்படி இடைவெளி தாராளமாக இருந்தது.

கணக்கை மட்டும் நம்பிப் பூட்டுகிற ஆள் இல்லை நான். பட்டறை லேப்டாப்பில் சிமுலேஷன் ஓட்டினேன். திரையில் கோடு சாய்வாக ஏறியது, மூன்று வோல்ட்டுக்குக் கிட்டே வளைந்து மட்டமாகப் போனது. புத்தகத்தில் இருக்கிற படம் போலவே வந்தது. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வடிவா இருக்கே தங்கச்சி" என்றார்.

ஒரு மூலையில் வெப்பநிலை என்ற கட்டம் இருந்தது. அதில் இருபத்தேழு டிகிரி செல்சியஸ். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் மென்பொருள் தானாக எடுத்துக்கொள்கிற எண் அது. பார்த்ததும் சிரிப்பு வந்தது. லிந்துலையில் இருபத்தேழு டிகிரி யாருக்குக் கிடைக்கிறது? விடியக்காலையில் குழாயைத் திறந்தால் விரல் விறைக்கிற ஊர். எனக்கு இருந்த பயமெல்லாம் குளிரைப் பற்றித்தான். பதினைந்து, பத்து, ஐந்து என்று இறக்கி ஓட்டிப் பார்த்தேன். குளிரக் குளிர டையோடு இன்னும் இறுக்கமாக மூடிக்கொள்ளும், சிக்னலுக்கு ஒரு பாதகமும் இல்லை. நிம்மதியாக லேப்டாப்பை மூடினேன்.

எண்ணை மேலே ஏற்றி ஓட்டிப் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து குளிரோடு மல்லுக்கட்டிய ஒருத்திக்குச் சூட்டைச் சந்தேகிக்கத் தோன்றவே இல்லை. லிமிட்டரோடு செய்த புதிய மீட்டர் பெட்டியை ட்ரையருக்குப் பக்கத்துச் சுவரில் பூட்டினோம். சுவரில் கை வைத்தேன், இதமாக இருந்தது. இந்தக் குளிருக்கு போர்டுக்கும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த இடி மாதத்தில் ஒரு போர்டுகூட எரியவில்லை. இன்னும் நான்கு ஸ்டோர்களுக்கு இதே பெட்டியைச் செய்து தரச் சொல்லிக் கேட்டார்கள். முதலாளி சந்தோஷத்தில் பட்டறைக்கே வடை வாங்கிக் கொடுத்தார். ஆனி மாத மழை தொடங்கியதும் கருகல் போன் வர ஆரம்பித்தது.

3. மழைப் புத்தகம்

மூன்றாவது போனுக்குப் பிறகு எனக்கு மனம் ஆறவில்லை. மீட்டர் பிழை செய்யவில்லை என்று என் தெர்மோமீட்டர் சொல்கிறது. தூள் கருகியது என்று கொழும்பில் ருசி பார்ப்பவர் எழுதியனுப்புகிறார். இரண்டும் உண்மையென்றால் நடுவில் நிற்கிற செபமாலை அண்ணன்தான் பொய். அவரைப் பொய்க்காரராக என்னால் நினைக்க முடியவில்லை.

அடுத்த வாரம் போய், கருகிய நாட்களின் பட்டியலை டீ மேக்கர் ஐயாவிடம் கேட்டேன். ட்ரையர் புத்தகத்தில் அந்த நாட்களிலும் மணிக்கு மணி இருநூறு, இருநூறு என்றே எழுதியிருந்தது. குற்றம் சொல்ல இடமில்லை. ஆபீஸ் மேசையில் மழைப் புத்தகம் கிடந்தது. எந்தத் தோட்டமானாலும் காலையில் மழைமானியைப் பார்த்து எழுதிவைப்பார்கள். சும்மா புரட்டினேன். கருகிய நாளெல்லாம் பெருமழை நாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஈரம்! பெட்டிக்குள் ஈரம் இறங்கி சர்க்யூட்டைக் குழப்புகிறது. எங்கள் ஊரில் எந்தப் பழுதுக்கும் முதல் சந்தேகம் ஈரத்தின் மேல்தான். ரேடியோ இரைந்தாலும் ஈரம், சுவரில் ஷாக் அடித்தாலும் ஈரம். அன்றே பெட்டியின் காற்றுத் துளைகளையெல்லாம் சிலிக்கான் பசையால் அடைத்தேன். மூடியின் விளிம்பைச் சுற்றியும் பூசினேன்.

"இனிமே ஒரு சொட்டு ஈரம் உள்ள போகாதுண்ணே" என்று செபமாலை அண்ணனிடம் சொன்னேன்.

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் நின்ற, கொழுந்தை உருட்டுகிற மெஷினின் ரோலர்காரர் ஒருவர் கனைத்தார். "சரிங்க மிஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு அண்ணன் திரும்பிக்கொண்டார். என்னவென்று அப்போதே நின்று கேட்டிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

ஐந்து நாள் கழித்துப் பெருமழை. தூள் முன்னைவிட மோசமாகக் கருகியது. மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களுக்கு வேலை பிரிக்கிற இடத்தில், செபமாலை அண்ணனின் பெயரைப் புல்லு வெட்டுகிற ஆட்களோடு சேர்த்துக் கூப்பிட்டார்கள். டீ மேக்கர் ஐயா இதைப் போனில் சொன்னபோது குரலில் கோபம்கூட இல்லை. "மிஸ்ஸும் பாவம், எத்தன தடவதான் வருவீங்க. ஆள மாத்திட்டோம், இனிப் பிரச்சின வராது" என்றார்.

அன்று முழுக்க ஒரு தராசைப் பழுது பார்க்க உட்கார்ந்து, ஒரே ஸ்க்ரூவை நாலு தடவை கழற்றிப் பூட்டினேன்.

4. சொல்லாமல் போன நாள்

இரண்டு நாள் கழித்து லிந்துலையைத் தாண்டி ஒரு வேலை. முடித்துவிட்டு வருகையில் விடாத மழை. நான் வந்த பஸ்ஸுக்கு முன்னால் ரோட்டில் மரம் விழுந்து கிடந்தது. வெட்டி எடுக்க இரண்டு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். அந்த ஸ்டோருக்கு மேலே போகிற ரோடு அது, எட்டிப் பார்த்தால் அதன் தகரக் கூரை கீழே தெரிந்தது. மழைக்கு ஒதுங்கலாம், அப்படியே ட்ரையரையும் பார்க்கலாம் என்று குறுக்குப் பாதையில் இறங்கினேன். போனில் சார்ஜ் இல்லை, யாருக்கும் சொல்லவில்லை. முன்வாசலுக்குச் சுற்றிப்போக முழங்கால் சம்மதிக்காததால், விறகு இறக்குகிற பின்கதவு வழியாக உள்ளே போனேன்.

ட்ரையர் பக்கம் திரும்பியதும் அப்படியே நின்றுவிட்டேன்.

என் மீட்டர் பெட்டி கண்ணுக்கே தெரியவில்லை. அதன் மேல் ஆட்கள் இடுப்பில் கட்டுகிற சாரங்கள் நாலைந்து மடித்துப் போட்டிருந்தன. பனியன்கள். ஆம்பளைகளின் உள்ளாடைகள். பெட்டியின் பக்கத்தில் ஒரு ஆணியில் வெள்ளை ஸ்கூல் கவுன் ஒன்று ஹேங்கரில் தொங்கியது, அதன் விளிம்பு பெட்டியின் முகத்தை மூடியிருந்தது. அடியில் சின்னப் பிள்ளையின் கறுப்புச் சப்பாத்து ஒரு ஜோடி. எல்லாவற்றிலிருந்தும் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. மீட்டரின் எண் மட்டும் ஒரு சாரத்தின் மடிப்புக்கு நடுவில் எட்டிப் பார்த்தது. இருநூறு.

"ஐயோ, மிஸ்!" என்று யாரோ கத்தினார்கள். மூன்று பேர் பாய்ந்து வந்து துணியை இழுக்கத் தொடங்கினார்கள். புதிதாக ட்ரையரில் நின்றவர் கையில் கிடைத்த பனியனை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"தொடாதீங்க!" என்று நானும் கத்தினேன். "எடுத்தது போதும். அப்பிடியே விடுங்க."

அந்த நேரத்தில் பக்கக் கதவால் செபமாலை அண்ணன் உள்ளே வந்தார். தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது. இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கு நனைந்து கனத்துக் காலில் அடித்தது. கையில் பிழிந்த கம்பளி. மலையிலிருந்து இறங்கி, அதைக் காயப்போட என் பெட்டிக்குத்தான் வந்திருக்கிறார். என்னைக் கண்டதும் கம்பளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்குகிற சத்தம் ட்ரையர் இரைச்சலையும் மீறிக் கேட்டது.

"எப்ப இருந்து இங்க காயப் போடுறீங்க?" என்று கேட்டேன்.

செபமாலை அண்ணன்தான் சொன்னார்: "பொட்டி வச்ச நாள்ல இருந்தேங்க மிஸ். அதுக்கு மேல நல்லா சூடு இருக்கும். மழ மாசத்துல லயத்து வீட்டுல ஒண்ணும் காயாதுங்க. புள்ளைகளுக்கு நாளைக்கு ஸ்கூலு. ஈரத்தோட எப்பிடி அனுப்புறது?"

"நான் வந்தப்பல்லாம் ஒண்ணுமே இல்லையே?"

ரோலர்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மிஸ் வர்றாங்கன்னு போன் வந்ததும் எடுத்துருவோம். பொம்பள ஆளு வர்ற எடத்துல எங்க துணியெல்லாம் தொங்கினா நல்லாவா இருக்கும்? அதும் மிஸ் செஞ்ச பொட்டி மேல."

எல்லாம் விளங்கிவிட்டது. நான் வருகிறேன் என்று சொல்வேன். அவர்கள் துணியை எடுத்து, கூட்டிப் பெருக்குவார்கள். நான் ஆபீசில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பேன். அந்த அரை மணி நேரத்தில் பெட்டி ஆறிவிடும். நான் தெர்மோமீட்டரோடு வந்து நின்று, மீட்டர் சரி என்று எழுதுவேன். அவர்கள் எனக்குக் காட்டிய மரியாதைதான் என் கண்ணை மறைத்திருந்தது.

தெர்மோமீட்டரைத் துளைக்குள் விட்டேன். இருநூற்றுப் பதினாலு. என் மீட்டர் இருநூறைத் தாண்டாமல் அதற்கு ஒன்று கீழே இறங்கி இறங்கி ஏறியது, ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஃபேன் அடுப்புக்குக் காற்றடித்தது. பெட்டியின் மூடியைக் கொஞ்சம் நெம்பி உள்ளே அளந்தேன். அறுபத்தாறு செல்சியஸ்.

"இப்ப எல்லாத்தையும் எடுங்க" என்றேன்.

எடுத்தார்கள். மூடியை முழுசாகத் திறந்து வைத்தேன். எல்லோரும் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றோம். சில நிமிடத்தில் எண் அசைந்தது. இருநூற்றிரண்டு. இருநூற்று ஐந்து. ஃபேன் மறுபடி ஓடவே இல்லை. இருநூற்றெட்டு. கடைசியில் எண்ணும் தெர்மோமீட்டரும் கிட்டத்தட்ட ஒன்றாகின.

டையோடு கதவு போல் சட்டென்று திறப்பதில்லை. வாஷர் தேய்ந்த குழாய் போல, மூடியிருக்கும்போதே கொஞ்சம் ஒழுகும். சூடு ஏறினால் ஒழுக்கு கூடும். ஐந்து டையோடும் வெந்து, இரண்டு வோல்ட்டிலேயே சிக்னலில் ஒரு பங்கைத் தரைக்கு ஒழுகவிட்டன. மீட்டர் சூட்டைக் குறைத்துக் காட்டியது, குறைவாகக் காட்டியதால் அடுப்பு இன்னும் எரிந்தது. காற்றுத் துளையை அடைத்து அதை மோசமாக்கியதும் நான்தான். இதெல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. முப்பத்திரண்டு வருட அனுபவத்தில் நான் மறந்திருந்தேன்.

"அண்ணே, வாசம் மாறுதுன்னு சொன்னீங்கள்ல, அது சரி" என்றேன். "எம் மீட்டர்தான் பொய் சொல்லியிருக்கு."

அவர் கம்பளியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை முட்டியது. ஈரச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன், மழைத் தண்ணீர் என்று நினைத்திருப்பார்கள்.

5. கடிதம்

மறுநாள் பட்டறையில் முதலாளி நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. இரண்டு மழை மாதம் வேலை இல்லாமல் இருந்தபோதும் ஒருவரையும் நிறுத்தாதவர்.

"தங்கச்சி, ஈரத்துணி போட்டாங்க, பொட்டி சூடாச்சி, மீட்டர் கொழம்பிச்சி. இதுல ஏதாவது பொய் இருக்கா?"

"இல்லிங்க."

"அப்ப அத மட்டும் எழுதுங்க. டிசைன் பிழன்னு எழுதினா மத்த நாலு ஸ்டோரும் கைய விட்டுரும். நம்ம மேல பேரு கெட்டுப் போகும்."

"அத மட்டும் எழுதினா செபமாலை அண்ணன் மலையிலயே நிக்கணும். துணி போட்டதுக்காக அவரோட இன்னும் நாலு பேரு சேந்து நிப்பாங்க. அவரு நெஞ்சு மழையில தாங்காதுங்க."

"அவங்களுக்காகப் பட்டறைய மூடச் சொல்றீங்களா?"

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் லேப்டாப்பைத் திறந்து பழைய சிமுலேஷனை எடுத்தேன். வெப்பநிலைக் கட்டத்தில் இருபத்தேழை அழித்துவிட்டு அறுபத்தாறு என்று அடித்தேன். ஓட்டினேன். நேராக ஏற வேண்டிய கோடு பாதியிலேயே தளர்ந்து குனிந்தது. ஓட்டிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிட வேலையை நான் செய்யாததால் ஒரு மனிதர் மழையில் நிற்கிறார். இதற்குப் பிறகு என்ன எழுதுவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. லிமிட்டர் சர்க்யூட் வேலை செய்கிற இடத்தின் சூட்டுக்கு வடிவமைக்கப்படவில்லை, காற்றுத் துளைகளை அடைத்ததும் நான், ட்ரையர்காரர் மேல் எந்தப் பிழையும் இல்லை, அவர் எச்சரித்தார், நாங்கள் கேட்கவில்லை. இவ்வளவையும் எழுதி என் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டேன். கிராஃப் இரண்டையும் பின்னால் இணைத்தேன்.

பெரிய துரை சிங்களவர், தோட்டத்துத் தமிழ் நன்றாகப் பேசுவார். நான் நேரில் கொண்டுபோய்க் கொடுத்த கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"மிஸ், இப்பிடி எழுத தேவ இல்ல தானே? துணி போட்டது இந்த ஆளுங்க தானே?"

"துணி காயப் போட அவங்களுக்கு வேற எடம் இல்லிங்க சார். அத விசாரிக்காம பொட்டிய செஞ்சது நான்."

"மெசின் பொய் சொல்லாதுன்னு நான் நெனச்சேன்."

"நான் போட்ட மெசினு சொல்லிச்சிங்க சார்."

அவர் டீ மேக்கர் ஐயாவைப் போனில் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து செபமாலை ட்ரையருக்கு என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை யார் வாயிலிருந்தும் வரவில்லை. வருமென்று நானும் எதிர்பார்த்துப் போகவில்லை.

முதலாளி சொன்னதும் நடந்தது. நான்கு ஸ்டோரில் மூன்று வேண்டாம் என்றுவிட்டன. பட்டறை மூடப்படவில்லை, ஆனால் முதலாளி ஒரு மாதம் என்னோடு வேலை விஷயம் தவிர எதுவும் பேசவில்லை. புதிய வடிவமைப்பு வேலை எதையும் அதற்குப் பிறகு என்னிடம் தரவும் இல்லை. பழுது பார்ப்பதோடு சரி. ஒரு வகையில் எனக்கும் அது ஆறுதல்தான். களைத்துப் போயிருந்தேன்.

அந்த ஒரு பெட்டியை மட்டும் மாற்றித் தந்தேன். டையோடு வரிசையைத் தூக்கிவிட்டு, ஒழுக்குக் குறைந்த இரண்டே டையோடுகளை, மாறாத மின்னழுத்தம் தருகிற ஒரு சப்ளையோடு சேர்த்துக் கட்டினேன். ஐந்து டிகிரியிலிருந்து எண்பது வரை படிப்படியாக ஏற்றிச் சிமுலேஷன் ஓட்டினேன். பிறகு போர்டை எங்கள் வீட்டு ரொட்டிக் கல்லின் மேல் தூக்கிப் பிடித்து, உண்மையான சூட்டிலும் அளந்தேன். பெட்டியை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினேன். அதன் மேல் யாரும் எதையும் வைக்க முடியாதபடி சரிவான மூடி போடலாம் என்று முதலில் வரைந்தேன். வரைந்து முடித்த பிறகு அந்த வெள்ளைக் கவுன் ஞாபகம் வந்தது. மூடியை விட்டுவிட்டு, பழைய பெட்டி இருந்த வெதுவெதுப்பான சுவரில், பெட்டிக்கு எட்டாத தூரத்தில், துணி காயப் போட ஒரு கம்பி அடிக்கச் சொன்னேன். டீ மேக்கர் ஐயா முணுமுணுத்துக்கொண்டே அடித்துக் கொடுத்தார்.

பிள்ளைகளே, நான் கற்றது இவ்வளவுதான். சிமுலேஷனில் மென்பொருள் தருகிற எண் உங்கள் ஊர் எண் அல்ல, அதை முதலில் மாற்றுங்கள். நமக்குப் பழக்கமான பக்கத்தை மட்டும் சந்தேகித்துவிட்டு நிறுத்தாதீர்கள். பெட்டியைப் பூட்டப் போகிற இடத்தில் ஒருநாள் முழுக்க உட்கார்ந்து, ஆட்கள் அங்கே என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். சொல்லாமல் போங்கள். போனால் ஆபீசுக்கு முதலில் போகாதீர்கள்.

கடைசியாக அந்த ஸ்டோருக்குப் போனது போன மழையில். வருடாந்தச் சோதனை, ஆகவே சொல்லிவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. பின்கதவால் நுழைந்தேன். சுவர்க் கம்பி நிறையச் சாரம், பனியன், உள்ளாடை, இரண்டு ஸ்கூல் கவுன். செபமாலை அண்ணன் ட்ரையர் வாசலில் நின்றார். மலையில் நின்ற நாட்களில் பிடித்த இருமல் இன்னும் விடவில்லை. என்னைக் கண்டதும் கூச்சத்தோடு கம்பியைக் காட்டினார்.

"வாங்க மிஸ். இன்னைக்கு ஒண்ணையும் எடுக்கலிங்க."

"நல்லதுண்ணே" என்றேன். "வாசம் எப்பிடி இருக்கு?"

அவர் திரும்பி, வெளியே விழுகிற தூளில் ஒரு பிடி அள்ளினார். முகர்ந்தார். இருமல் வந்தது, அடக்கிக்கொண்டு மறுபடியும் முகர்ந்தார். அவசரப்படாமல் நின்றேன்.

"சரியா இருக்குங்க மிஸ்."

அதை சர்வீஸ் புத்தகத்தில் முதல் வரியாக எழுதினேன். அதற்குப் பிறகுதான் மீட்டரைப் பார்த்தேன்.